கைக்குழி இல்லாத சட்டை

ஞானாம்பிகை அக்கா மொன்றியலால் வந்திறங்கி
நாலாம் நாள், கொக்குவில் ரெயில் கேற்றடியில்
என் கடைக்கு வந்தா.
மேசையில் ஒரு பொலித்தீன் பை.
"மருமோளின்ரை. சீலைக்குச் சட்டையா வெட்டித் தாரும்.
வெள்ளிக்கிழமை வரவேற்பு."

விரித்தேன்.
முதலில் மணந்தது விறகுப் புகை,
என் அடுப்பில் எரியாத ஏதோவொரு விறகு.

பிறகுதான் துணி.
வெள்ளை நிலத்தில் சிவப்பு, கத்தரிப்பூ, தோடம்பழ நிறம்,
எல்லாம் தறியிலேயே ஏறியவை.
ஊசி போன தடம் தேடி
உள்பக்கம் திருப்பிப் பார்த்தும் காணவில்லை.
மூன்று துண்டு. ஓரமெல்லாம் நெய்து முடித்தது.
கத்தரி பட்டது கழுத்தில் மட்டும்.
கைக்குழி இல்லை. டாட்ஸ் இல்லை.
நெஞ்சு எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று
அந்தத் துணி ஒருத்தியையும் கேட்டதில்லை.

நான் கேட்கிறேன், இருபத்தாறு வருசமாய்.
நாடாவைச் சுற்றி, மூச்சை விடு பிள்ளை என்று சொல்லி.
அளவுக் கொப்பி ஒன்பது இருக்கு.
கலியாணத்துக்கு முன், பிள்ளைக்குப் பின்,
லண்டனுக்கு முன்.
ஏழாம் கொப்பியில் சில பக்கங்களுக்கு
பிறகு ஆரும் வரவில்லை.
முப்பத்தி நாலரை. இருபத்தெட்டு.
அளவு மட்டும் கிடக்கு.

நீலச் சோக்கால் கைக்குழி வளைவு போட்டேன்.
வளைவு போன இடத்தில் ஒரு பறவை:
தலை இரண்டு, வயிறு ஒன்று.
வெட்டினால் இடப்பக்கத் தலை
மிச்சத் துணிக்குப் போகும்.
மிச்சத் துணியில் நான் தலையணை உறைக்குக் கரை வைப்பேன்.

கத்தரியை எடுத்தேன்.
வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.

அடுத்த நாள் அவளே வந்தாள், அளவு கொடுக்க.
தோமாசா.
ஆம்பிளைப் பேர் மாதிரிக் கிடக்கு என்று
நூல் வாங்க வந்த புஸ்பமலர் சிரித்தா.
கட்டை உருவம், என் நிறம்.
ஓட்டோக்காரன் வழி முழுக்கத் தமிழில் கதைத்தானாம்,
இவளும் தலையாட்டிக்கொண்டு வந்தாளாம்.
கையைத் தூக்கு என்று காட்டினேன், தூக்கினாள்.
அப்போதுதான் மேசையைப் பார்த்தாள்.

சத்தம் போடவில்லை.
பெருவிரலை நாக்கில் தொட்டு
நீலக் கோட்டை அழிக்கத் தொடங்கினாள்,
குழந்தையின் கன்னத்தில் இழுபட்ட பொட்டை
அழிக்கிற பதத்தில்.

அவளுக்கு என் பாசை தெரியாது,
எனக்கு அவளின் இரண்டு பாசையும் தெரியாது.
புருசன்காரன் போனில் சொன்னான்:
பெயர் வீப்பிலாம். குவாத்தமாலா மலையில்
அவளின் தாய் நெய்தது,
தறியின் ஒரு முனை மரத்தில், மறு முனை இடுப்பில்.
அப்படியென்றால் ஒரு இடுப்பின் அளவு
அந்தத் துணிக்குத் தெரிந்திருக்கிறது.
வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பக்கத் தையலைத் தொட்டுக் காட்டினாள்.
நாலு விரல் நீளம் பிரிந்திருந்தது;
மாமி பிளேட்டால் தொடங்கிப் பார்த்திருக்கிறா.
மெசினைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள், வேண்டாம்.
கையால் தைத்தேன்.
கத்தரிப்பூ நூல், ஸ்ரான்லி வீதியில் வாங்கினது,
ஒரு பிடி கருமை கூட.
தெரியும்.
தேடிப் பார்க்கிறவைக்கு நல்லாவே தெரியும்.

"வெட்டேலாது அக்கா."
"ஏன்?"
"துணி விடாது."
பொய். எந்தத் துணியும் விடும்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில்
மயில்பச்சைச் சீலையைக் கட்டி
அதற்குள் அந்தச் சட்டையைப் போட்டிருந்தாள்,
பறவை தோளிலிருந்து இரண்டு பக்கமும் பார்த்தது.
"உது என்ன, நைற்றி மாதிரி?"
"அவையின்ரை ஊர் வழக்கம்," என்றா ஞானாம்பிகை அக்கா,
வாயில் சீலைப்பின்னைக் கடித்தபடி,
முந்தானைக் கொசுவத்தைப் பறவைக்குக் கீழே
இறக்கிக் குத்திக்கொண்டு.

ஒன்பதாம் கொப்பியில் எழுதினேன்:
தோமாசா.
கழுத்து: தலை போனால் காணும்.
மற்றக் கட்டங்கள் வெறுமையாய்க் கிடக்கு.
கூலி இருநூறு.
இன்னும் தரேல்லை.